நூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம்

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? நடக்காத ஒன்றை நடந்திருந்தால், நடந்திருந்தால் என்று பேசிக்கொண்டே ஒரு மனிதர் பதினெட்டு வருஷம் காலம் தள்ளலாம், அதைக் கேட்கவும் நாற்பது பேர் பெஞ்சு தேய உட்காருவார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? ஜெராக்ஸ் அக்காவுக்கு வேறு வழியில்லை, நம்பித்தான் ஆக வேண்டும். அந்த மனிதரைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் இஃப் வாத்தியார். மழை வந்தால் குடை எடுப்பேன், இறக்கை இருந்தால் பறப்பேன், நேற்றே சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம் அல்லவா, ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் 'இஃப்' என்று ஒரு சொல்லை முன்னால் நிறுத்துவார்கள். பின்பாதியில் 'வில்' அல்லது 'வுட்' வந்து நிற்கும். இந்த இஃப் ஒன்று வசப்பட்டுவிட்டால் மிச்ச ஆங்கிலம் தானாக வாலாட்டிக்கொண்டு பின்னால் வரும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம். அவரிடம் மூன்று மாதம் படித்தவனுக்குத் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்ல வராது. ஆனால், "நீ முன்பே வந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்" என்று வழியில் போகிறவனை நிறுத்திச் சொல்லிவிடுவான். வழியில் போகிறவன் மகிழ்ந்தானா என்பது வேறு விஷயம்.

வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பு, இந்தப் பக்கம் கடை. கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், அடையாள அட்டைக்கு உறை போடும் லேமினேஷன் பெட்டி, வந்தவர் உட்கார ஒரு ஸ்டூல். மாணவர்களும் தெருக்காரர்களும் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. மாடியில் குடித்தனம். மாடியில் மகள் சின்னவள் படிக்கும் அறை வகுப்புக்கு நேர் மேலே இருந்தது. அதுதான் அவள் செய்த பாவம்.

வாத்தியார் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இடது பக்க பெஞ்சுகள் இஃப் கட்சி. வலது பக்க பெஞ்சுகள் வுட் கட்சி. வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாக்கியத்தின் எண்ணைச் சொல்லி மரஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். புத்தகத்தைப் பார்த்து இஃப் கட்சி முன்பாதியைக் கத்தும். இன்னொரு தட்டு. வுட் கட்சி பின்பாதியைக் கத்தும். சத்தம் குறைந்தால் ஆங்கிலம் உள்ளே இறங்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், இல்லை அவரே சொல்லிக்கொண்டார். "லவுடர்! லவுடர்!" என்று அவர் போடுகிற கூச்சலில் கடைக் கண்ணாடி அதிரும். கண்ணைத் திறக்க மாட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டால் உலகம் ஆங்கிலம் பேசுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு புத்தகமும் உண்டு. 'அன்றாட வாழ்வில் இஃப்' என்று பெயர். இரண்டு பதிப்பு வந்துவிட்டது. கையால் எழுதிக் கொடுப்பது அவர் வேலை, டைப் அடித்துப் பக்கம் பிரித்து அச்சகத்துக்குக் கொண்டுபோவது அக்காவின் வேலை. முதல் நூற்றெட்டு வாக்கியங்கள் மழை, குடை, பஸ், காய்ச்சல் என்று எல்லோருக்கும் பொதுவானவை. நூற்றொன்பதிலிருந்து வருகிற பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு 'வாழ்க்கை வாக்கியங்கள்'. யாருடைய வாழ்க்கை என்றா கேட்கிறீர்கள்? வீட்டு நாலு பேரில் மூன்று பேருடைய வாழ்க்கை, போகப் போகச் சொந்தக்காரர்களுடையதும்.

"என் மனைவி பட்டம் முடித்திருந்தால், எனக்கு உதவியாக இருந்திருப்பாள்." இது நூற்றொன்பது. "என் மனைவி என்னை நேரத்தோடு எழுப்பியிருந்தால், நான் இன்று கல்லூரிப் பேராசிரியர் ஆகியிருப்பேன்." இது நூற்றுப் பத்து. முதல் பதிப்பை டைப் அடிக்கும்போதே அக்கா இதையெல்லாம் அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அதோடு அவர் விட்டிருந்த ஏழு இலக்கணப் பிழைகளையும் சத்தமில்லாமல் திருத்தி வைத்தாள். அவள் கல்லூரியில் இரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவள். அதற்கு மேல் பதினெட்டு வருஷம் இந்தத் தடுப்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுவருக்கே இஃப் வந்திருக்கும், அவளுக்கு வராதா? ஆனால் வாத்தியார் கணக்கில் அவள் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மெஷின்.

இரண்டாம் பதிப்பில் பெரியவனைச் சேர்த்தார். "என் மகன் என் பேச்சைக் கேட்டிருந்தால், மெக்கானிக் ஆகியிருக்க மாட்டான்." நூற்றுப் பதினொன்று. பெரியவன் பைக் ரிப்பேர் பட்டறையில் வேலை பார்த்தான். கைராசிக்காரன் என்று பெயர். புத்தகம் வந்த நாலாம் நாள், பட்டறைக்கு வண்டி விட வந்த இரண்டு மாணவர்கள், அவன் குனிந்து செயின் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் முன்பாதியும் ஒருத்தன் பின்பாதியுமாக அந்த வாக்கியத்தை ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.  பெரியவன் செயினை மாட்டி முடித்தான், கையைத் துடைத்தான், அன்று சாயங்காலம் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு இரண்டு பையோடு வீட்டை விட்டுப் போனான். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறான். இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் போன் செய்வான், வாசற்படி மிதிக்க மாட்டான்.

"ரோஷம் இருக்கறவன் படிச்சிருப்பான்" என்றார் வாத்தியார். அவ்வளவுதான் அவர் பட்ட துக்கம்.

இப்போது மூன்றாம் பதிப்பு. இந்த முறை மாட்டியது சின்னவள்.

சின்னவள் மருத்துவ ஆய்வகப் பயிற்சி முடித்தவள். ரத்தம் எடுக்கிற கை நடுங்காது, ஆனால் எழுத்துத் தேர்வில் ஒரு தாளில் நாலு மார்க்கில் தவறிவிட்டாள். மறு தேர்வுக்குத் தேதி வந்திருந்தது. அதில் தேறினால் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் இடம் தயார், அவளுக்காக ஒரு மாதம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்த நேரத்தில்தான் ஒருநாள் அவள் முகம் வெளிறிக் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, புதுப் புக்குல முப்பத்தொண்ணாம் பக்கத்துல நான் இருக்கேனாம். அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

"நெஜமாவா? கையெழுத்துப் பிரதி இன்னும் என்கிட்டயே வரல."

"அவரேதாம்மா சொன்னாரு. அந்தப் பரீட்சை எழுதற பாதிப் பேரு இவர்கிட்ட படிக்கறவங்க. அவங்க நடுவுல போய் எப்படி உக்காருவேன்? அந்த வரி அச்சுல வந்துச்சுன்னா நான் பரீட்சைக்குப் போக மாட்டேன்."

"கோபத்துல பேசாதடி."

"கோபமெல்லாம் இல்லம்மா. அண்ணன் மட்டும் கோபப்பட்டா போனான்?"

 பெரியவன் போன அன்றும் இதே குரல்தான், இதே நிதானம்தான். இந்தப் பெண் சொன்னால் செய்துவிடும்.

மறுநாள் கையெழுத்துக் கட்டு வந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு உரியதைத்தான் முதலில் தேடினாள். இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. "என் மகள் ஒழுங்காகப் படித்திருந்தால், தேர்வில் தோற்றிருக்க மாட்டாள்." அடியில் கோடு வேறு.

அவர் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை காத்திருந்து பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, சின்னவ வரிய மட்டும் எடுத்துடலாமே."

"எதுக்கு?"

"படிக்கற நேரம். மனசு ஒடிஞ்சு போயிடும்."

"ஒடியட்டும். ஒடிஞ்சாத்தான் உறைக்கும். உதாரணம்னா வாழ்க்கையிலேர்ந்து வரணும். வானத்துலேர்ந்தா எறக்க முடியும்?"

"அப்ப உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒண்ணு போடுங்களேன்."

வாத்தியார் துண்டால் வாயைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"என் வாழ்க்கையில என்ன தப்பு இருக்கு, உதாரணம் காட்டறதுக்கு?"

அக்கா எச்சில் தட்டை எடுத்தாள். அவர் அதற்கும் ஒரு முடிவுரை வைத்திருந்தார். "நீ டைப் அடிக்கற வேலைய மட்டும் பாரு. அங்க என்ன இருக்கோ அது இங்க வரணும். அர்த்தமெல்லாம் உனக்கு எதுக்கு?"

அர்த்தம் எதுக்கு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடவும் இல்லை, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகக் கூடத்தை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறார். கூடம் யார் என்றால் பெண்டாட்டியும் பிள்ளைகளும்.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அன்று அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் நூற்றெட்டு வாக்கியங்களை உள்ளது உள்ளபடி அடித்தாள். மழையும் குடையும் யாரையும் குத்தவில்லை. நூற்றொன்பதுக்கு வந்தபோது விரல் நின்றது.

என் மனைவி பட்டம் முடித்திருந்தால். சரி, ஏன் முடிக்கவில்லை? மூன்றாம் வருஷத்துக்கு அவள் பணம் கட்டிவிட்டு நின்ற அன்று, "முதல்ல நான் பேராசிரியர் ஆயிக்கறேன், அப்புறம் நீ பரீட்சை எழுதலாம்" என்று சொன்னது யார்? பெண்டாட்டி தன்னைவிட முந்திவிடுவாளோ என்று அவருக்கு அப்போதே உதறல். அதை ஆங்கிலத்தில் எழுத அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "நான் தடுக்காமல் இருந்திருந்தால், என் மனைவி பட்டம் வாங்கியிருப்பாள்." அடித்தாள். பழைய வாக்கியம் இருந்த அதே இடத்தில், அதே எண்ணில், அதே அளவில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்தது நூற்றுப் பத்து, நேரத்தோடு எழுப்பாத மனைவி. இந்த ஒரு பொய்யை அவள் பதினெட்டு வருஷம் தடுப்பு வழியாகக் கேட்டிருக்கிறாள். பேராசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வு அன்று விடிவதற்கு முன்னால் எழுப்பி, சட்டை தேய்த்துக் கொடுத்து, சான்றிதழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையாக இருந்த பெரியவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே பஸ்ஸில் போனவள் அவள். பாதி வழியில் பஸ் நின்றபோது எதிரே ஒரு கடைப் பலகையில் ஆங்கில எழுத்து ஒன்று தப்பாக இருந்தது. வாத்தியார் இறங்கினார். கடைக்காரரிடம் போனார். திருத்தச் சொன்னார். கடைக்காரர் முடியாது என்றார். ஏணி எங்கே என்று கேட்டார் வாத்தியார். பஸ் போய்விட்டது. கடைசியில் அந்தப் பலகையும் திருந்தவில்லை. இதை நினைத்தால் முன்பெல்லாம் அவளுக்கு அழுகை வரும். இப்போது சிரிப்புதான் வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை. "நான் ஒரு கடைப் பலகையைத் திருத்த இறங்காமல் இருந்திருந்தால், பேராசிரியர் ஆகியிருப்பேன்." அதைப் படித்துப் பார்த்து, ஆகியிருப்பேன் என்பதை ஆகியிருக்கலாம் என்று மாற்றினாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு இல்லை.

பெரியவனின் கதை இதற்கெல்லாம் மேலே. அவன் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி, எல்லாம் நிரப்பி, தகப்பன் கையெழுத்துக்காகக் கொடுத்தான். வாத்தியார் கையெழுத்துப் போடவில்லை. அச்சடித்த விண்ணப்பத்தில் ஆங்கிலம் சரியில்லை என்று, அரசாங்க எழுத்தையே சிவப்பு மையால் சுழித்து, அடித்து, ஓரத்தில் மார்க்கும் போட்டு வைத்தார். பத்துக்கு நாலு. புது விண்ணப்பம் வாங்கப் போனால் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்தத் தாளை அவள் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட மனிதர்தான் மகன் பேச்சுக் கேட்கவில்லை என்று புத்தகம் போடுகிறார்! அவள் பட்பட்டென்று அடித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டையும் அடித்தாள். அதற்கப்புறம் ஓரகத்தி, மாமனார், அவள் தம்பி என்று அவர் வாரியிருந்த இன்னும் ஏழு பேரையும் இறக்கிவிட்டு, அந்தந்த இடத்தில் அவரையே ஏற்றி உட்கார வைத்தாள். மொத்தம் பதினொன்று. நாலரை மணிக்கு எழுந்து டீ போட்டுக் குடித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அவரைப் பார்த்துப் பயந்தோமே என்ற அருவருப்பு அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

திருட்டுத்தனமாகச் செய்தாள் என்று பேர் வேண்டாம் என்று அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியை அவர் முன்னாலேயே வைத்தாள்.

"உள்ள ஒரு தடவ பாத்துடுங்க. அப்புறம் அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லக் கூடாது."

வாத்தியார் அட்டையைப் பார்த்தார். அட்டையில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். படம் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கலாம் என்றார், பெயர் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றார், இரண்டையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உள்ளே புரட்டவில்லை.

"உள்ளயும் பாருங்க" என்றாள் மறுபடியும்.

"நான் எழுதினதை நானே திருத்தணுமா? எச்சிய முழுங்கற மாதிரி." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சின்னவளிடம் அக்கா ஒன்றும் விளக்கவில்லை. "புக்கு வரட்டும். முப்பத்தொண்ணாம் பக்கத்தப் பாரு. அப்புறம் போறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு" என்றாள். புத்தகம் வந்து மூன்று நாளாகியும் சின்னவள் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியீடு. வெளியீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பழைய மாணவர்களும் புது மாணவர்களுமாக ஐம்பது பேரை எட்டு பெஞ்சில் அடைத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுப்பது. குடும்பமும் இருக்க வேண்டும் என்று வாத்தியார் உத்தரவு. சின்னவளை வலது பக்கக் கடைசி பெஞ்சில், வுட் கட்சியில் உட்கார வைத்தார். அக்காவுக்கு உத்தரவு இல்லை. கடையில் ஜெராக்ஸுக்கு ஆள் காத்திருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் குரல் கேட்டது. மொழி என்பது ஒழுக்கம், ஒழுக்கம் என்பது வீடு, தன் வீட்டையே சமுதாயத்துக்குப் பாடமாகக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஆமாம், கொடுத்தார், கேட்காமலே கொடுத்தார். மழை, குடையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்று நேராக வாழ்க்கை வாக்கியங்கள் என்றார். நாற்காலி கிறீச்சிட்டது. சாய்ந்துவிட்டார். கண்ணை மூடியிருப்பார்.

"நூத்தி ஒம்பது!" ஸ்கேல் தட்டியது.

"நான் தடுக்காமல் இருந்திருந்தால்" என்று ஆங்கிலத்தில் இஃப் கட்சி கூரை பிய்ந்துபோகக் கத்தியது. தட்டு. "என் மனைவி பட்டம் வாங்கியிருப்பாள்" என்றது வுட் கட்சி.

"உச்சரிப்பு! 'டிகிரி'யில கடைசியில இழுக்காதீங்க. நூத்திப் பத்து!"

அக்கா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினாள். நின்றிருந்தவர் கையில் இரண்டு பக்கம்தான் வந்திருந்தது. "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள்.

கடைப் பலகை வாக்கியம் போனது. முன்பாதி நன்றாகவே போனது. பின்பாதியில் யாரோ கொஞ்சம் சிரித்தார்கள். நூற்றுப் பதினொன்றில் சிவப்பு மை வந்தபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. கத்திப் படிப்பவர்களுக்குத் தாமதமாகத்தான் அர்த்தம் ஏறும், ஏறிவிட்டால் இறங்காது. ஐம்பது பேரும் கண்ணை மூடியிருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்தே மனக்கண்ணில் பார்த்தாள்.

"என்ன முணுமுணுப்பு? லவுடர்! இது என் சொந்த அனுபவம், கூச்சப்படாம சொல்லுங்க. லவுடர்! நூத்திப் பன்னெண்டு!"

தட்டு விழுந்தது. சொந்த அனுபவம் என்று அவரே சொன்ன பிறகு இஃப் கட்சிக்கு என்ன தயக்கம்?

"நான் ஒரு வாரம் என் குரலைத் தாழ்த்தியிருந்தால்!"

இரண்டாவது தட்டு விழுந்தது. வுட் கட்சி வாயைத் திறக்கவில்லை. மறுபடி தட்டினார்.  முதல் தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் கொஞ்சம் மெதுவாகக் கத்தச் சொல்லி மாடியிலிருந்து இறங்கி வந்து கெஞ்சிய பெண்ணை, "படிக்கறவ சந்தையில உக்காந்தும் படிப்பா" என்று எல்லோர் முன்னாலும் விரட்டியது இதே அறையில்தான். அந்த பெஞ்சுகளில் இருந்த பாதிப் பேர் அன்றும் இருந்தவர்கள். அவர்கள் எல்லோரும் இப்போது கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பெஞ்சுகள் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரே ஒரு குரல் எழுந்தது. கத்தவில்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், நிறுத்தி, ஒரு பிசிறு இல்லாமல் அந்தக் குரல் பின்பாதியை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது.

"என் மகள் தேர்வில் தேறியிருப்பாள்."

அக்கா மெஷின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளின் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.  கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்றிருந்தவரின் மூன்றாம் பக்கத்தை எடுத்து வைத்தாள்.

வகுப்பு எப்படிக் கலைந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவே இல்லை. மாணவர்கள் கடையைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருத்தராக, "வர்றோம்க்கா" என்றார்கள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள், அன்று தலையைக் குனிந்து போனார்கள். சின்னவள் கடை வாசலில் ஒரு நொடி நின்று, "மாடிக்குப் போறேம்மா. ரெண்டு பாடம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

கால் மணி கழித்து வாத்தியார் வந்தார். கையில் புத்தகம், மறு கையில் சிவப்புப் பேனா. ஸ்டூலில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. நூற்றொன்பதிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகப் பேனா முனையை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே படித்தார். அவள் அடையாள அட்டைக்கு உறை போட்டாள், ஒருவருக்கு இரண்டு பக்கமும் வருகிற மாதிரி நகல் எடுத்துக் கொடுத்தாள். அவர் பதினொன்றையும் படித்து முடித்தார், பிறகு திரும்ப முதலிலிருந்து படித்தார். அவர் தேடுவது எதை என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிழை. ஒரு எழுத்து, ஒரு கால்புள்ளி, எதுவாவது ஒன்று கிடைத்தால் போதும், விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. பேனா எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் அவர் அதற்கு மூடியைப் போட்டார்.

"யார்கிட்ட எழுதி வாங்கின?"

இதற்கு அவள் தயாராக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தும், இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"யார்கிட்டயும் இல்ல."

"பின்ன?"

"உங்க முதல் புக்குல ஏழு தப்பு இருந்துச்சு. அதத் திருத்தினது யாருன்னு நெனச்சீங்க? அச்சாபீஸ்காரரா?"

 வாத்தியார் புத்தகத்தை விரித்து, நூற்றுப் பன்னிரண்டின் மேல் விரலை வைத்து, "மத்ததெல்லாம் விடு. இது பொய். நான் எப்பவும் சத்தம் போட்டதே இல்ல!" என்றார். அப்படியொரு சத்தம். ஜெராக்ஸுக்கு வந்த பெண் கையிலிருந்த தாளைத் தவறவிட்டாள். மேலே மாடியில் ஜன்னல் கதவைச் சாத்துகிற ஓசை கேட்டது.

அவருக்கும் கேட்டது. தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி பேசியபோது, தன் வீட்டில் தானே திருட வந்தவர் மாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"பரீட்சை என்னிக்கு?"

மகள் தோற்றதை மறக்காமல் எண் போட்டு, அடிக்கோடு போட்டு எழுதி வைத்த மனிதருக்கு, அவள் மறுபடி எழுதப்போகும் தேதி தெரியாது. இந்தக் கேள்வியை ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்று அக்காவின் மனதுக்குள் ஒரு வாக்கியம் தொடங்கியது. அதன் பின்பாதியை அவள் தேடவில்லை.

"நாளைக்கு இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை" என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்தப் பெண் தவறவிட்ட தாளை எடுத்துக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தாள்.